விதியும் விதிமுறையும்

கோலாலம்பூரின் எந்த மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தாலும், வானத்தின் குறுக்கே இரும்புக் கை நீட்டி நிற்கும் பாரந்தூக்கி ஒன்றாவது கண்ணில் படும். பிரிக்பீல்ட்ஸில் பூக்கட்டி விற்பவரும், கோயிலுக்குச் செல்லும் மூதாட்டியும், கே.எல். சென்ட்ரல் நிலையத்தை நோக்கி விரையும் அலுவலரும் அதன் நிழலைக் கடந்துதான் செல்கின்றனர். அவர்களுள் எவரும் அங்கே தொங்கும் சுமையை நிமிர்ந்து பார்ப்பதில்லை, பார்த்தாலும் அஞ்சுவதில்லை. முகமறியாத யாரோ ஒருவர் அதனைச் சரியாகப் பூட்டியிருப்பார், யாரோ ஒருவர் அதன் வடத்தைச் சோதித்திருப்பார், யாரோ ஒருவர் காற்றின் வேகத்தைக் கவனித்துக்கொண்டிருப்பார் என்னும் நம்பிக்கையே அந்த அச்சமின்மைக்குக் காரணம்.

நகர வாழ்க்கை என்பது இத்தகைய நம்பிக்கைகளின் மேல் எழுப்பப்பட்டதே. ஆனால் அந்த நம்பிக்கைக்கு உரியவர் யார்? அது பொய்த்துப்போனால் பழி யாரைச் சேரும்? சட்டம் விதித்திருக்கிறது என்பதற்காக மட்டும் ஓர் உயிரைக் காப்பது அறமாகுமா? பொறியியல் நூல்களும் சட்டப் புத்தகங்களும் விடை சொல்லி முடித்துவிட்டதாக நாம் எண்ணும் இவ்வினாக்கள், உண்மையில் அறத்தின் வினாக்களே ஆகும். அவற்றைச் சற்று எண்ணிப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இடத்தை எண்ணுவோம். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துக் கோலாலம்பூரை அழித்தன. மூங்கிலும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் இனிக் கூடாது, செங்கல்லாலும் ஓட்டாலுமே கட்ட வேண்டும் என்று அக்காலத்து ஆட்சியாளர் பிராங் சுவெட்டன்ஹாம் பின்னர் ஆணையிட்டார். அதற்கான செங்கற் சூளைகள் அமைந்த இடமே பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. இன்று நம்மவரின் கடைவீதியாகவும் கோயில்வீதியாகவும் விளங்கும் அப்பகுதியின் பெயரே ஒரு பாதுகாப்பு விதியிலிருந்து பிறந்தது என்பதை நம்மில் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. தீ வருவது ஊழ் என்று சொல்லி அன்று சும்மா இருந்திருக்கலாம். அவ்வாறு இராமல் கூரையை மாற்றினர்; ஊர் பிழைத்தது.

தமிழில் 'விதி' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மனிதனின் கைக்கு அப்பாற்பட்டு நேர்வதும் விதி. மனிதன் தன் கையாலேயே எழுதி வைத்த ஒழுங்கும் விதி. ஒரு சொல்லுக்குள் இவ்விரு பொருளும் குடியிருப்பது மொழியின் அழகு. ஆனால் வாழ்க்கையில் அது ஓர் ஆபத்து. எழுதி வைத்த விதியை மீறியதால் ஓர் உயிர் போகிறது. சுற்றியிருப்போர் தலையில் கைவைத்து, 'எல்லாம் விதி' என்கின்றனர். குற்றம் நிகழ்ந்த இடத்தில் ஒரு சொல்லை மாற்றிப் பொருள் கொண்டு, குற்றவாளியை விண்ணுலகுக்கு அனுப்பிவிடுகிறோம். நாம் ஆராய வேண்டிய முதல் மயக்கம் இதுவே.

பாரந்தூக்கி எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது அறிந்துகொண்டால் இம்மயக்கம் பாதி தீரும். அது ஒரு பெரிய தராசு போன்றது. ஒரு பக்கம் தூக்கப்படும் சுமை. மறுபக்கம் அதற்கு ஈடு கொடுக்கும் எதிர்ப்பாரம். ஆனால் இங்கே எடை மட்டும் கணக்கில்லை, தொலைவும் கணக்கு. நடுத்தண்டிலிருந்து 10 மீட்டர் தொலைவில் 5 டன் சுமை உண்டாக்கும் கவிழ்ப்பு விசையை, 25 மீட்டர் தொலைவில் 2 டன் சுமையே உண்டாக்கிவிடும். ஆகவே, அருகில் எளிதாகத் தூக்கிய அதே சுமையைக் கையை நீட்டிக்கொண்டு தொலைவில் இறக்க முயன்றால் இயந்திரம் கவிழக்கூடும். இதற்காகவே ஒவ்வொரு பாரந்தூக்கிக்கும் எந்தத் தொலைவில் எத்துணை எடை என்று காட்டும் அட்டவணை உண்டு. அளவு மீறினால் எச்சரிக்கும் கருவியும், இயக்கத்தை நிறுத்தும் கருவியும் உண்டு. சக்கரத்தின் மேல் நகரும் பாரந்தூக்கியாயின், அதன் கால்கள் ஊன்றும் மண் உறுதியாக இருக்க வேண்டும். கோபுரப் பாரந்தூக்கியாயின், வேலை முடிந்ததும் அதன் சுழல்தடையை விடுவித்துவிட வேண்டும். அப்பொழுதுதான் காற்று வீசும் திசைக்கெல்லாம் அதன் கை இசைந்து திரும்பும். இறுகப் பூட்டி வைத்தால் காற்றின் முழு விசையையும் அது தன் உடலில் தாங்க நேரிடும்.

மென்மையான மயிலிறகேயானாலும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறிந்துவிடும் என்னும் கருத்தை வள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தார். மன்னனுக்குச் சொன்ன அறிவுரை அது. ஆயினும் பாரந்தூக்கியின் அட்டவணைக்கு அதனினும் சிறந்த முன்னுரையை எவரும் எழுத இயலாது. அச்சு முறிவது தெய்வத்தின் சினத்தால் அன்று, ஏற்றியவன் எண்ணாமையால். இயந்திரம் முகதாட்சிணியம் பார்ப்பதில்லை. குத்தகையாளரின் செல்வாக்கையோ, மேற்பார்வையாளரின் அவசரத்தையோ, திறப்பு விழாவுக்குக் குறிக்கப்பட்ட நாளையோ அது அறியாது. எடையும் தொலைவும் காற்றும் மண்ணும் மட்டுமே அதற்குத் தெரியும்.

இந்நாட்டில் இவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் இல்லாமல் இல்லை. 1967ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டத்தின்கீழ் பாரந்தூக்கிகளுக்குத் தகுதிச் சான்றிதழ் கட்டாயமாக இருந்தது. 15 மாதங்களுக்கு ஒரு முறை அவை சோதிக்கப்பட வேண்டியிருந்தது. 1986ஆம் ஆண்டில் கட்டுமானப் பணிகளுக்கென்றே தனிப் பாதுகாப்பு விதிகள் வந்தன. 1991 மே 7ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலை ஒன்று வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தப் பேரிடர் நாட்டை உலுக்கிய பின், 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கப்பட்டது. முதலாளி தம் கடமையில் தவறினால் விதிக்கக்கூடிய உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது.

சட்டம் இருந்தும் நிகழ்ந்தவை பல. 2014 ஆகஸ்ட் 18 அன்று கோத்தா டாமான்சாராவில், சுங்கை பூலோவுக்கும் காஜாங்கிற்கும் இடையிலான பெருவிரைவு ரயில் பாதைக்காக உயரத்தில் பொருத்தப்பட்டுக்கொண்டிருந்த காங்கிரீட் பாலப் பகுதி சரிந்து, வங்காளதேசத் தொழிலாளர் மூவர் நசுங்கி இறந்தனர். 2016 ஆகஸ்ட் 25 அன்று, தலைநகரின் நடுவே ஜாலான் ராஜா சூலானில், பாரந்தூக்கியின் கொக்கி ஒன்று சாலையில் சென்ற கார் மீது விழுந்து, அதிலிருந்த இளம்பெண்ணின் உயிரைக் குடித்தது. 2021 மார்ச் 22 அன்று செராஸ் வட்டாரத்தில், சுங்கை பீசி - உலு கிள்ளான் உயர்மட்ட நெடுஞ்சாலைக் கட்டுமானத்தில் பாரந்தூக்கி சரிந்து மூவர் உயிரிழந்தனர்.

பிற நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 2015 செப்டம்பர் 11 அன்று மக்கா பெரிய பள்ளிவாசலின் விரிவாக்கப் பணியில் நின்ற மாபெரும் பாரந்தூக்கி புயற்காற்றில் சாய்ந்து 111 பேர் மாண்டனர். பயன்பாட்டில் இல்லாதபோது அதன் நீண்ட கையைத் தாழ்த்தி வைக்க வேண்டும் என்னும் தயாரிப்பாளரின் நெறி பின்பற்றப்படவில்லை என்று அந்நாட்டு அரசு அறிவித்தது. நம் தாய்த்தமிழ் மண்ணில், 2023 ஜனவரி 22 அன்று அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதி கிராமத்து மண்டியம்மன் கோயில் விழாவில், பக்தர்கள் பாரந்தூக்கியில் தொங்கியவாறு சாமிக்கு மாலை சாத்த முயன்றபோது அது கவிழ்ந்து நால்வர் மாண்டனர். இயந்திரத்தை இயக்கியவர் கைது செய்யப்பட்டார். பொருளைத் தூக்கவென்று செய்த கருவியில் மனிதரைத் தொங்கவிடும் வழக்கத்தைக் கைகட்டிப் பார்த்து நின்ற ஊரும், அதற்கு இசைந்தோரும் எங்கே போயினர்? அவர்கள் 'விதி' என்றிருப்பார்களோ, நாமறியோம்.

இங்கே ஒரு கடினமான வினா எழுகிறது. இரண்டு கட்டுமானத் தளங்களைக் கற்பனை செய்து கொள்வோம். இரண்டிலும் ஒரே நாளில், ஒரே காரணத்துக்காக, எச்சரிக்கைக் கருவியின் இணைப்பைத் துண்டித்துவிட்டு அளவுக்கு மீறிய சுமையைத் தூக்குகின்றனர். முதல் தளத்தில் சுமை நலமாக இறங்குகிறது; அன்று மாலை அனைவரும் தேநீர் அருந்திக் கலைகின்றனர். இரண்டாம் தளத்தில் வடம் அறுந்து ஒருவர் இறக்கிறார். சட்டம் இரண்டாமவரைத் தேடி வருகிறது. முதலாமவர் 'கெட்டிக்காரர்' என்று பாராட்டப்படுகிறார். செயலில் இருவரும் ஒன்றே. பயனில் மட்டுமே வேறுபாடு. அவ்வாறாயின் முதலாமவர் குற்றமற்றவரா?

சட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. கண்ணுக்குத் தெரிந்த தீங்கையே அது பெரும்பாலும் அளக்க வல்லது. அறத்துக்கு அந்த வரம்பு இல்லை. பிறர் உயிரைப் பணயமாக வைத்துச் சூதாடியவன், ஆட்டத்தில் வென்றான் என்பதற்காக நல்லவனாகிவிட மாட்டான்; பணயமாக வைத்த கணத்திலேயே அவன் தவறிழைத்துவிட்டான். ஆதலால் விபத்து நேராத தளம் பாதுகாப்பான தளம் என்று எண்ணுவது பெரும்பிழை. விபத்து நேராதது நல்லூழாகவும் இருக்கலாம். உண்மையில், நல்லூழே மிகக் கொடிய ஆசான். 'நேற்றும் இப்படித்தானே செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே' என்னும் பாடத்தை அது நாள்தோறும் கற்பிக்கிறது. முதல் தளத்தில் தப்பியவர்தாம் அடுத்த மாதம் இரண்டாம் தளமாக மாறுகிறார்.

இரண்டாவது வினா: பழி யாருடையது? ஒரு பெரிய கட்டுமானத்தில் நிலத்துக்கு உரியவர் ஒருவர், மேம்பாட்டாளர் ஒருவர், தலைமைக் குத்தகையாளர் ஒருவர், அவருக்குக் கீழே துணைக் குத்தகையாளர், அவருக்கும் கீழே ஆள் பிடித்துத் தருபவர். பாரந்தூக்கி வாடகைக்கு வந்தது; இயக்குநர் வேறொருவரின் ஊழியர்; சுமையைக் கட்டுபவரும் சைகை காட்டுபவரும் மற்றொருவரின் ஆட்கள். சான்றிதழ் வழங்கியவர் தம் பங்குக்குக் கையொப்பமிட்டிருக்கிறார். விபத்து நேர்ந்ததும் ஒவ்வொருவரும் தம் தாளை எடுத்துக் காட்டுகின்றனர்; ஒவ்வொருவர் தாளும் சரியாகவே இருக்கிறது. இறந்தவர் மட்டும் இறந்தே கிடக்கிறார். முடிவில் பழி, அந்தக் கயிற்றின் கடைசி முனையைப் பிடித்திருந்த இயக்குநர் தலையில் வந்து விடிகிறது.

நம் இலக்கியத்தில் இதனையொத்த ஒரு வழக்கு உண்டு. கோவலன் கொலையுண்டதில் எத்தனை கைகள் இருந்தன! பொய் சொன்னவன் பொற்கொல்லன், வாளை வீசியவன் காவலன், ஆணையிட்டவன் பாண்டியன். பாண்டியன் நினைத்திருந்தால், 'என்னை ஏமாற்றியவன் பொற்கொல்லன்' என்று சொல்லியிருக்கலாம். ஊழ்வினையின் மேல் பழியைச் சுமத்தியிருந்தாலும் அக்காவியத்தில் அது பொருந்தாமற் போயிராது. அவன் அவ்வாறு செய்யவில்லை. தானே குற்றவாளி என்று உணர்ந்து, அரியணையிலேயே உயிர் விட்டான். பொறுப்பு என்பது மேலிருந்து கீழே தள்ளிவிடும் பொருள் அன்று, கீழிருந்து மேலே ஏற வேண்டியது என்பதை அந்த மன்னன் உணர்ந்திருந்தான்.

2014ஆம் ஆண்டு கோத்தா டாமான்சாரா விபத்தை அடுத்து, அந்த ரயில் திட்டத்துக்கு உரிய நிறுவனத்தின் தலைமை நிர்வாக அதிகாரி அசார் அப்துல் ஹமிட் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அவர் எந்தப் பாரந்தூக்கியையும் இயக்கவில்லை. எந்த வடத்தையும் கட்டவில்லை. ஆயினும் தம் தலைமையின்கீழ் நிகழ்ந்தது தம்முடையதே என்று கொண்டார். இந்நாட்டுப் பொதுவாழ்வில் அடிக்கடி காணக் கிடைக்காத செயல் அது.

இதற்கு மாறான காட்சி ஒன்றையும் வரலாறு வைத்திருக்கிறது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸ் நாட்டு அபெர்ஃபான் என்னும் சுரங்கக் கிராமத்தில், நிலக்கரிக் கழிவு மலை சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது; 116 குழந்தைகள் உட்பட 144 பேர் மாண்டனர். விசாரணை மன்றம் தேசிய நிலக்கரி வாரியத்தையே குற்றஞ்சாட்டியது. அதன் தலைவர் ராபென்ஸ் பிரபு ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், அது ஏற்கப்படவில்லை, அவர் பதவியில் நீடித்தார். விந்தை யாதெனில், தொழிலிடப் பாதுகாப்பை ஆராய 1970இல் அமைக்கப்பட்ட குழுவுக்கு அவரே தலைவரானார். 'ஆபத்தை உண்டாக்குபவரே அதனை அடக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்' என்னும் கொள்கை 1972இல் வெளிவந்த அவரது அறிக்கையின் சாரம். பிரிட்டனின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் அதிலிருந்து பிறந்தது. நம் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் அக்கொள்கையையே அடியொற்றியது. நல்ல கொள்கை, அதனைக் கடைப்பிடிக்கத் தவறியவர் வாயிலிருந்தும் வரலாம். அதனால் கொள்கை பழுதாகிவிடாது.

ஆனால் பதவி விலகுவதோடு அறம் நிறைவு பெற்றுவிடுமா? பாண்டியன் மாண்டான், கோவலன் மீளவில்லை, மதுரை எரிவதும் நிற்கவில்லை. பின்னர் உயிரையே கொடுத்த மன்னன், முன்னர் ஒரு நாழிகை பொறுத்து விசாரித்திருந்தால் அந்தக் காவியமே வேறாகியிருக்கும். விபத்துக்குப் பின் வரும் பெருந்தன்மையைவிட, விபத்துக்கு முன் வரும் சிறு விசாரணை மேலானது. தலைவர் செய்ய வேண்டிய தியாகம் பதவியைத் துறப்பது மட்டுமன்று. 'இன்று காற்று மிகுதி, வேலையை நிறுத்துங்கள்' என்று சொல்லி ஒரு நாள் ஆதாயத்தைத் துறப்பதும்தான். முன்னது செய்தித்தாளில் வரும், பின்னது வராது.

பலர் பங்கு கொண்ட செயலில் ஒவ்வொருவரின் பொறுப்பும் சிறிதாகிவிடுகிறது என்று எண்ணுவோரும் உளர். கடனைப் பத்துப் பேர் பகிர்ந்தால் ஒவ்வொருவர் பங்கும் குறையும். பொறுப்பைப் பத்துப் பேர் பகிர்ந்தால் எவர் பங்கும் குறைவதில்லை. சைகை காட்டுபவர் பார்த்துக்கொள்வார் என்று இயக்குநரும், இயக்குநர் பார்த்துக்கொள்வார் என்று சைகை காட்டுபவரும் எண்ணிய கணத்தில்தான் சுமை ஆளின் மேல் விழுகிறது. ஆகவே ஒவ்வொருவரும் தாம் ஒருவரே காவல் என்று எண்ணிச் செயற்படுவதே இங்கே நெறி.

மூன்றாவது வினா செலவு பற்றியது. குத்தகையாளர் தரப்பின் வாதத்தையும் நேர்மையோடு கேட்க வேண்டும். 'முழுப் பாதுகாப்பு வேண்டுமானால் எந்தக் கட்டடமும் எழாது. சாலையில் கார் ஓடுவதிலும் ஆபத்து உண்டு. அதற்காகச் சாலையை மூடிவிடுகிறோமா? ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் நாங்கள் இழப்பீடு கட்ட வேண்டியிருக்கிறது. சிறு குத்தகையாளர் வாழ வேண்டாமா?' என்று அவர்கள் கேட்கின்றனர். இதில் உண்மை இல்லாமல் இல்லை. சட்டமும் இதனை அறிந்தே, 'நடைமுறைக்கு இயன்ற அளவு' என்னும் சொற்களைச் சேர்த்திருக்கிறது. ஆபத்தின் கடுமை, அதனைப் பற்றிய அறிவு, தடுக்கும் வழிகள், அவற்றின் செலவு ஆகியவற்றை ஒருங்கே எடைபோட்டே 'இயன்ற அளவு' எது என்று முடிவு செய்ய வேண்டும் என்கிறது.

ஆயினும் அந்தத் தராசில் ஒன்று விடுபட்டுப் போகக்கூடாது. ஆதாயம் யாருக்கு, ஆபத்து யாருக்கு என்பதே அது. தன் ஆதாயத்துக்காகத் தானே ஆபத்தை ஏற்பவனைத் துணிந்தவன் என்கிறோம். தன் ஆதாயத்துக்காகப் பிறனை ஆபத்தில் நிறுத்துபவனை என்னவென்று சொல்வது? ஜாலான் ராஜா சூலானில் சென்ற அந்தப் பெண்ணுக்கு எழுந்துகொண்டிருந்த கட்டடத்தில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லை. அதன் இலாபத்தில் அவருக்குப் பங்கில்லை. அதன் ஆபத்தில் மட்டும் முழுப் பங்கு கிடைத்தது. சாலையை மூடும் செலவு, மேற்கூரைத் தடுப்பு அமைக்கும் செலவு, சுமை செல்லும் வழியில் ஆட்களை விலக்கும் நேரம் ஆகியவை எல்லாம் 'வீண் செலவு' என்று கணக்கில் எழுதப்படும்போது, அந்தச் செலவை யாரோ ஒருவர் தம் உயிரால் ஈடுகட்டக் கூடும் என்பது கணக்கில் எழுதப்படுவதில்லை.

நான்காவது வினா, நம்மவரை இன்னும் ஆழமாகத் தொடுவது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் புதியதோர் உரிமையைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி, முதலாளி அதனை நீக்கத் தவறினால், அவ்விடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவர் தண்டிக்கப்படக்கூடாது. தாளில் இது மகத்தான உரிமை. ஆனால் தாய்நாட்டில் நிலத்தை அடகு வைத்துத் தரகருக்குப் பணம் கட்டிக் கடல் கடந்து வந்த ஓர் இளைஞர், வேலை உரிமமே முதலாளியின் கையில் இருக்கும் நிலையில், 'இங்கே நிற்க மாட்டேன்' என்று எவ்வாறு சொல்வார்? மறுக்கும் உரிமை, மறுக்க முடிந்தவருக்கே உரிமை. மறுக்க முடியாதவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய்.

இந்த நிலை நமக்குப் புதிதன்று. கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கிச் சென்ற ரயில் பாதை 1886இல் திறக்கப்பட்டது. சதுப்பிலும் காட்டிலும் இந்நாட்டின் பாதைகளுக்கு மண் சுமந்தவர்களுள் நம் முன்னோர் எத்தனையோ பேர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழியும் வரை, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் செல்வது தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. அவர்கள் ஆபத்தைக் கண்டு அஞ்சாதவர்கள் அல்லர், மறுக்க வழியற்றவர்கள். அவர்களின் மரணங்களுக்கு எவரும் பதவி விலகவில்லை. அன்று நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் மியன்மார் நாட்டவரும் நிற்கின்றனர். நம் பாட்டன்மாருக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், இவர்களைக் காணும்போது முகத்தைத் திருப்பிக் கொள்வோமாயின், அந்தக் கண்ணீருக்குப் பொருள் இல்லை.

இறந்தபின் கூட உயிர்கள் சமமாக எண்ணப்பட்டதில்லை. கோத்தா டாமான்சாரா விபத்து நேர்ந்த காலத்தில், உள்நாட்டுத் தொழிலாளருக்கு இருந்த சொக்சோ பாதுகாப்பு வெளிநாட்டுத் தொழிலாளருக்கு இல்லை; அவர்களுக்கு வேறொரு பழைய இழப்பீட்டுச் சட்டமே இருந்தது. 2019 ஜனவரி 1 முதல்தான் அவர்களும் சொக்சோவின் வேலையிட விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டனர். காலம் தாழ்ந்து வந்தாலும் அது சரியான திசையில் வைத்த அடி. ஒரே சுமையின்கீழ் நசுங்கும் இரண்டு உடல்களுக்கு இரண்டு விலை இருப்பது எந்த அறத்துக்கும் அடுக்காது.

பாதுகாப்புப் பணியில் ஈடுபட்டோருக்குப் புகழ் கிடைப்பதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தவர் மால்கம் வாட்சன். இன்று கிள்ளான் துறைமுகம் எனப்படும் போர்ட் சுவெட்டன்ஹாம் அவ்வாண்டு செப்டம்பரில் திறக்கப்பட்டது. சில வாரங்களுக்குள் மலேரியாக் காய்ச்சல் துறைமுகத் தொழிலாளரை வாரிக்கொண்டு போயிற்று. துறைமுகத்தையே மூடிவிடலாமா என்னும் பேச்சு எழுந்தது. காய்ச்சல் விதியால் வருவதன்று, கொசுவால் வருவது என்னும் ரோஸின் கண்டுபிடிப்பு அப்பொழுது நான்கே ஆண்டு பழையது. வாட்சன் அதனை நம்பிச் சதுப்பு நிலத்தை வடிகட்டுவித்தார். ஓராண்டுக்குள் காய்ச்சலும் சாவும் பெருமளவு குறைந்தன. பிழைத்தவர்களுள் எத்தனையோ தமிழர் இருந்திருப்பர்; தாம் பிழைத்தோம் என்பதையே அறியாமல் அவர்கள் வாழ்ந்து முடித்திருப்பர். நேர்ந்த சாவுக்குக் கல்லறை உண்டு. நேராத சாவுக்கு நினைவுச்சின்னம் இல்லை. கட்டுமானத் தளத்தில் 'வடம் தேய்ந்திருக்கிறது, இன்று தூக்கக் கூடாது' என்று தடுத்து நிற்கும் பாதுகாப்பு அதிகாரியின் நிலையும் இதுவே. தடுத்த விபத்தை அவரால் காட்ட இயலாது. தடைப்பட்ட வேலையை மட்டும் எல்லாரும் காண்பர். அந்தப் பழிச்சொல்லைத் தாங்கும் நெஞ்சுரத்தையே நாம் அறம் என்கிறோம்.

இதில் பொதுமக்களாகிய நமக்கும் பங்கு உண்டு. அடுக்குமாடி வீட்டை வாங்க முன்பணம் கட்டும்போது விலையைக் கேட்கிறோம். எப்பொழுது சாவி கிடைக்கும் என்று கேட்கிறோம். அதனைக் கட்டுவோர் எவ்வாறு காக்கப்படுகின்றனர் என்று கேட்பதில்லை. விரைவில் வேண்டும், மலிவாக வேண்டும் என்னும் நம் இரண்டு ஆசைகளும் படிப்படியாக இறங்கி, மேம்பாட்டாளரைத் தாண்டி, குத்தகையாளரைத் தாண்டி, கடைசியில் வடத்தைப் பிடித்து நிற்கும் மனிதனின் தோளில் போய் அமர்கின்றன. கோத்தா டாமான்சாராவைக் கடந்து செல்லும் ரயிலில் இன்று நாள்தோறும் பல்லாயிரவர் பயணம் செய்கின்றனர். அந்தப் பாதை மூன்று உயிர்களையும் தாங்கி நிற்கிறது என்பதைப் பயணிகள் அறிந்திருப்பது நன்று.

ஊழ் என்னும் அதிகாரத்தை எழுதிய வள்ளுவரே ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தையும் எழுதினார். மனித முயற்சிக்கு எல்லை உண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. எல்லையைக் காட்டி முயற்சியைக் கைவிடுவதை ஏற்கவுமில்லை. நில நடுக்கத்தையும் பெரும்புயலையும் விதி என்று சொல்லலாம். தேய்ந்த வடத்தையும், துண்டிக்கப்பட்ட எச்சரிக்கைக் கருவியையும், மூடப்படாத சாலையையும் அவ்வாறு சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவற்றின் மேல் மனிதனின் கைரேகை பதிந்திருக்கிறது.

எனவே இனி ஒரு பாரந்தூக்கி சரிந்த செய்தியைக் கேட்கும்போது, 'விதி' என்று சொல்ல வாயெடுக்குமுன் ஒரு கணம் நிதானித்து, 'எந்த விதி?' என்று கேட்போம். வானத்தில் எழுதப்பட்டதா, வர்த்தமானியில் எழுதப்பட்டதா? பின்னதாயின், அதனை எழுதியவர் யார், மீறியவர் யார், மீறுவதைக் கண்டும் காணாதிருந்தவர் யார் என்று தொடர்ந்து கேட்போம். அக்கேள்வி கீழே நின்ற இயக்குநரோடு நின்றுவிடாமல், படிப்படியாக மேலேறி, அந்தக் கட்டடத்தால் பயன் பெறும் கடைசி மனிதன் வரை செல்ல வேண்டும். அந்தக் கடைசி மனிதன் நாமாக இருந்தாலும், கேள்வி நின்றுவிடக் கூடாது.